வதந்தியின் வரலாறு – 9: பாட்னாவில் முளைத்த சாஸ்திரம்

பொய்ச் செய்திகளைப் பற்றி உலகத்துச் சர்வகலாசாலைகளில் நடந்துவரும் ஆராய்ச்சிகள் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கின்றன என்று அறிய விரும்புகிறவர் முன்னால், இந்நாளில் ஒரு வர்ணப்படம் விரிக்கப்படுகிறது. நெதர்லாந்தில் லெய்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த வான் எக், வால்ட்மன் என்ற இருவர் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட விஓஎஸ்வியூவர் என்னும் கம்ப்யூட்டர் சாதனத்தினாலோ, அதையொத்த வேறொன்றினாலோ வரையப்படும் அப்படத்தில், ஆராய்ச்சிப் பொருள்களும் ஆசிரியர் பெயர்களும் வட்டங்களாக மிதக்கின்றன. அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவர் பெரிய வட்டம், குறைவாகக் காட்டப்பட்டவர் சிறிய வட்டம். ஒரே கட்டுரையில் சேர்ந்து மேற்கோளாகிறவர்கள் அருகருகே இழுக்கப்பட்டு ஒரே வர்ணம் பூசப்படுகிறார்கள். கொள்ளை நோயையும் தடுப்பூசியையும் பற்றிய கட்டுரைகள் ஒரு கூட்டம். தேர்தலையும் சமூக ஊடகங்களையும் பற்றியவை இன்னொரு கூட்டம். பொய்யைக் கம்ப்யூட்டர் கொண்டே கண்டுபிடிக்க முயலும் பொறியியல் கட்டுரைகள் மற்றொரு கூட்டம். பக்கத்தில் ஆண்டுவாரியாக ஒரு கோடும் போட்டிருப்பார்கள். 2016 வரையில் தரையோடு தரையாக ஊர்ந்து வரும் அக்கோடு, அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்குப் பிறகு நிமிர்ந்து, கொரோனா பரவிய 2020-இல் செங்குத்தாக எழுந்துவிடுகிறது.

படத்தைப் பார்க்கிறவருக்கு, இந்தச் சாஸ்திரமே சுமார் பத்து வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் பிறந்தது என்ற அபிப்பிராயம் உண்டாவது இயல்பு. எண்ணிக்கையில் பிழை ஒன்றும் இல்லை. அபிப்பிராயத்தில்தான் பிழை. வதந்தியைப் பற்றிய நவீன மனோதத்துவத்தின் மிகச் செழிப்பான கருத்து ஒன்று, அந்த வர்ணப்படங்களில் பெரும்பாலும் புள்ளியாகக்கூடத் தெரியாத ஓர் இடத்தில், கங்கைக் கரையில், இடிந்த சுவர்களுக்கு நடுவே உதித்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் தேதி, தை பிறந்த கையோடு, பிற்பகல் இரண்டேகால் மணி சுமாருக்கு வடபீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரம் ஏறக்குறைய முழுவதும் தரைமட்டமாயிற்று. முஸபர்பூர், தர்பங்கா, மோதிஹாரி, சீதாமரி ஆகிய ஊர்கள் பெருஞ்சேதம் அடைந்தன. வயல்களில் பூமி பிளந்து மணலும் நீரும் ஊற்றாகப் பீறிட்டன. பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. சிறையிலிருந்த ராஜேந்திர பிரசாத் அடுத்த சில தினங்களில் விடுதலையாகி நிவாரணப் பணியை ஏற்று நடத்தியதும், ஹரிஜன யாத்திரையாகத் திருநெல்வேலிச் சீமையில் சுற்றிக்கொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே இப்பூகம்பம் என்று பேசியதும், விஞ்ஞான உணர்வுக்கு இது அடுக்காது என்று தாகூர் மறுத்ததும், அம்மறுப்பைக் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டதும் வாசகர்கள் அறிந்த விஷயங்களாக இருக்கலாம். மகாத்மாவின் வாக்கை வதந்தியோடு சேர்ப்பது நம் எண்ணமல்ல. ஆனால் காரணம் தெரியாத பேரிடியின் முன்னே காரணம் தேடாமல் இருக்க மனித மனத்தால் இயலாது என்பதற்கு, அவரும் குருதேவரும் நடத்திய அந்த விவாதத்தைவிட உயர்ந்த சாட்சியம் கிடைப்பது அரிது.

அவ்விருவர் விவாதம் பத்திரிகைகளில் நடந்தது. பாட்னா நகரத்துக் கடைவீதிகளிலும் படித்துறைகளிலும் நடந்த விவாதம் வேறு தினுசானது. பூகம்ப வேளையில் கங்கை ஜலம் முழுவதும் மறைந்து, நீராடிக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள் என்றார்கள். 18-ஆம் தேதிக்கும் 19-ஆம் தேதிக்கும் இடையே பாட்னாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்றார்கள். நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருகிறது என்றார்கள். 23-ஆம் தேதி நாசகாலம் என்றார்கள். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம் என்றார்கள். பிப்ரவரி 26-இல் பிரளயமே வரும் என்று நாள் குறித்தும் சொன்னார்கள். இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமற்போன இந்தப் பேச்சுகளைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடாமல், அவை ஊரில் உலவிக்கொண்டிருந்த சூட்டோடு சூடாகத் திரட்டி எழுதி வைத்துக்கொண்டவர் ஜமுனா பிரசாத் என்ற பாட்னா நகரத்து மனோதத்துவ அறிஞர். 'பிரிட்டிஷ் மனோதத்துவப் பத்திரிகை'யின் 1935-ஆம் ஆண்டுத் தொகுதியில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று.

அதன் அருமையை உணர, அதற்கு முன் என்ன இருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்ன் என்பவர் 1902 சுமாரிலேயே சாட்சிகளின் நினைவு எப்படித் திரிகிறது என்று பரிசோதித்திருந்தார். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட், ஒரு செவ்விந்தியக் கதையை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவருக்குக் கடத்தி, அது போகப்போகக் கேட்பவர்களுடைய சொந்தப் பழக்கங்களுக்கு ஏற்ப உருமாறுவதைக் கண்டு 1932-இல் நூலாக எழுதியிருந்தார். இவையெல்லாம் மண்டபத்துக்குள் நடந்த பரிசோதனைகள். கதையைக் கேட்டவனுக்கு அக்கதையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவன் வீடு இடியவில்லை. அவன் குழந்தை வெளியே விளையாடிக்கொண்டிருக்கவில்லை. பிரசாத் எடுத்துக்கொண்ட மனிதர்களோ இரவில் கூரைக்குக் கீழே படுக்கப் பயந்தவர்கள்.

எத்தகைய சூழ்நிலை வதந்தியைப் பிறப்பிக்கும் என்று கேட்டுக்கொண்டு பிரசாத் சொன்ன விடை, இன்றைக்கும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாத அளவுக்குத் தெளிவானது. உணர்ச்சியைக் கலக்குவதாகவும், பழக்கத்தில் இல்லாத அபூர்வமானதாகவும், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரியாத அம்சங்கள் பல கொண்டதாகவும், சரிபார்த்துக்கொள்ள வழியில்லாததாகவும், தனி ஒருவனுக்கன்றிக் கூட்டத்துக்கே பொதுவான அக்கறை உள்ளதாகவும் ஒரு நிலைமை இருக்குமானால், அங்கே வதந்தி தோன்றும். இவ்வைந்தில் கடைசியை வாசகர்கள் சிறிது ஊன்றிக் கவனிக்க வேண்டும். பொய் சொல்லுகிறவன் கெட்டவன், நம்புகிறவன் மூடன் என்ற எளிய தீர்ப்புக்கு இங்கே இடமே இல்லை. வதந்தி என்பது, உண்மை கிடைக்காத வேளையில் ஒரு சமூகம் கூடிச் செய்கிற காரியம். டமோட்சு ஷிபுடானி என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், செய்தி வராத இடத்தில் ஜனங்கள் தாங்களே இட்டுக்கட்டிக்கொள்ளும் செய்தியே வதந்தி என்று 1966-இல் நூல் எழுதிப் புகழ் பெற்றார். அவர் சொன்னதன் விதை பிரசாத்தின் ஐந்தாவது நிபந்தனையில் இருக்கிறது.

அக்கட்டுரை இங்கிலாந்தில் அச்சாகிப் பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், 1951-இன் கடைசியில், அதற்கு எதிர்பாராத ஒரு வாசகர் வாய்த்தார். கருத்துப் பரிமாற்றத்தைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து ஒழுங்குபடுத்தித் தரவேண்டும் என்று போர்டு ஸ்தாபனத்தைச் சேர்ந்த பெரல்சன் கேட்டுக்கொண்டதன்பேரில், மினசோட்டா சர்வகலாசாலையிலிருந்த லியோன் பெஸ்டிங்கர் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொல்லப்போனால் அவரும் ஆராய்ச்சிகளின் படம் ஒன்றை வரையத்தான் உட்கார்ந்தார்; ஆனால் எண்ணுவதை விட்டுப் படிக்கத் தொடங்கியதால் பிரசாத் அவர் கையில் அகப்பட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் அடையாத ஜனங்கள், ஆறுதலான பேச்சைப் பரப்பாமல், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்று ஏன் பரப்பினார்கள்? பயந்தவன் மேலும் தன்னைப் பயமுறுத்திக்கொள்ளுவானேன்? யோசிக்க யோசிக்க, பெஸ்டிங்கருக்கு விஷயம் தலைகீழாகப் புலப்பட்டது. அந்த வதந்திகள் பயத்தை உண்டாக்கவில்லை. பயம் ஏற்கெனவே இருந்தது. கண்ணெதிரே அதற்குத் தக்க காரணம் இல்லை. தம் பயம் நியாயமானதே என்று தமக்குத் தாமே நிரூபித்துக்கொள்ள ஜனங்கள் காரணத்தைச் சிருஷ்டித்தார்கள். உள்ளத்தில் இருப்பதும் உலகத்தில் காண்பதும் ஒத்துப்போகாதபோது ஒன்றை மற்றொன்றுக்கு இசைய வளைத்துக்கொள்ள மனம் துடிக்கிறது என்ற சித்தாந்தம், 1957-இல் அவர் வெளியிட்ட நூலில் முழு உருவம் பெற்றது. இருபதாம் நூற்றாண்டு மனோதத்துவத்தில் அதைப்போல் வியாபகம் பெற்ற சித்தாந்தங்கள் மிகச் சிலவே. தம் எண்ணத்தின் ஊற்று எதுவென்று அந்நூலின் முன்னுரையிலேயே பெஸ்டிங்கர் ஒளிக்காமல் கூறியிருக்கிறார்.

அதை மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்தும் சான்றும் இந்தியாவிலிருந்தே கிடைத்தது. 1950-இல் டார்ஜிலிங்கில் மலைச்சரிவுகள் ஏற்பட்டு வீடுகளும் மனிதர்களும் அழிந்தபோது, பின்னாளில் அலகாபாத் சர்வகலாசாலையின் மனோதத்துவத் துறையை நிறுவிய துர்கானந்த சின்ஹா, அங்கே நிலவிய பேச்சுகளைத் திரட்டி 1952-இல் அதே பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதினார். அழிவைக் கண்ணாரக் கண்ட டார்ஜிலிங் வாசிகளிடம், அதைவிடப் பெரிய அழிவு வரும் என்ற ஆரூடங்கள் காணப்படவில்லை. அவர்களுடைய பயத்துக்கு வேண்டிய காரணம் எதிரிலேயே கிடந்தது. புதிதாகச் செய்துகொள்ள அவசியம் இல்லை. இரண்டு இந்தியர்கள், இரண்டு பேரிடர்கள், இரண்டு கட்டுரைகள். இவற்றின் மேல் நின்றது ஓர் அமெரிக்கச் சித்தாந்தம்.

பிறகு பிரசாத் ஏன் மறக்கப்பட்டார் என்ற கேள்விக்கு விடை காண, யுத்தகால அமெரிக்காவைப் பார்க்கவேண்டும். 1942 மார்ச்சில் 'பாஸ்டன் ஹெரால்டு' பத்திரிகை, நகரில் உலவும் வதந்திகளை வாரந்தோறும் எடுத்துப் போட்டு மறுக்கும் 'வதந்தி வைத்தியசாலை' என்ற பகுதியைத் தொடங்கியது. ஹார்வர்டில் கார்டன் ஆல்போர்ட்டின் மாணவராயிருந்த ராபர்ட் நாப், அவ்வாண்டு செப்டம்பரில் திரட்டப்பட்ட 1,089 வதந்திகளை ஆசை, அச்சம், பகை என்று மூவகையாகப் பிரித்தார். மூன்றில் இரு பங்கு, ஒரு சாராரை இன்னொரு சாராருக்கு எதிராக மூட்டிவிடும் பகை வதந்திகளாக இருந்தன. யூதர்களையும் நீக்ரோக்களையும் பற்றி அந்நாட்டில் என்னென்ன சொல்லப்பட்டது என்பதற்கு அந்தத் தொகுப்பே சரித்திர ஆதாரம். மறுப்பதற்காக வதந்தியை அச்சிடுவதே அதைப் பரப்புவதாகாதா என்று சர்க்கார் யுத்தச் செய்தி இலாகாவினருக்கு எழுந்த சந்தேகம் இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

இந்த முயற்சிகளின் சிகரமாக ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947-இல் வெளியிட்ட 'வதந்தியின் மனோதத்துவம்' அமைந்தது. விஷயத்தின் முக்கியத்துவமும் அதன் தெளிவின்மையும் ஒன்றையொன்று பெருக்கிய அளவே வதந்தியின் அளவு என்று அவர்கள் ஒரு சூத்திரம் இயற்றினார்கள். ஒரு ரயில் வண்டிக்குள் சவரக்கத்தியை ஏந்தி நிற்கும் வெள்ளையரும் அவர் எதிரே ஒரு நீக்ரோவும் இருக்கும் சித்திரத்தைப் பார்த்தவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று வர்ணித்துக்கொண்டே போக, பாதிக்கு மேற்பட்ட பரிசோதனைகளில் எங்கோ ஓரிடத்தில் கத்தி நீக்ரோவின் கைக்கு மாறிவிட்டது. கேட்டவர்கள் மறக்க முடியாத பரிசோதனை. மாணவர் எவரும் வகுப்பறையிலேயே நடத்திப் பார்த்துவிடலாம். அந்தச் சௌகரியமே வினையாயிற்று. சங்கிலித் தொடராகக் கடத்துவதே வதந்தி ஆராய்ச்சி என்று ஒரு தலைமுறை எண்ணிக்கொண்டது. பூகம்பம் நடந்த ஊருக்குப் போய், பயந்த மனிதர்களோடு உட்கார்ந்து கேட்டெழுதும் பிரசாத்தின் வழி வழக்கொழிந்தது. பிரசாந்த் போர்டியாவும் நிக்கோலஸ் டிபோன்சோவும் 2002-இல் ஆசிய சமூக மனோதத்துவப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்றில், இந்தத் திருப்பத்தினால் சமூக மனோதத்துவத்தில் சமூகமே குறைந்துபோயிற்று என்று வருந்தி, பிரசாத்துக்கு உரிய ஸ்தானத்தை மீட்டுத்தர முயன்றார்கள். அது நியாயமான வருத்தம் என்பதே நம் கருத்தும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன படங்களை வரையும் கலைக்கு வருவோம். நூல்களையும் வாசிப்பையும் எண்ணி அளந்து ஆராயும் ஒரு சாஸ்திரம் வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் கூடிய நூலகர் மாநாட்டில் முன்மொழிந்தவர், சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். அவர் எண்ண விரும்பியது நூல்நிலையத்தின் காரியங்களை. கட்டுரைகளுக்குள்ளே கட்டுரைகள் காட்டும் மேற்கோள்களை எண்ணத் துணிந்தவர் பிலடெல்பியாவில் வாழ்ந்த யூஜின் கார்பீல்டு. ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, தள்ளினவா என்று வக்கீல்கள் பார்த்துக்கொள்ள அமெரிக்காவில் 1873 முதல் வெளிவந்துகொண்டிருந்த ஷெப்பர்டு அட்டவணையே அவருக்கு முன்மாதிரி. 1955-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் அவர் தம் யோசனையை வெளியிட்டார். 1964-இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணை விற்பனைக்கு வந்தது.

அந்த 1955-ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்று படம் வரைகிறவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்களோ! கார்பீல்டின் முதல் நோக்கம் யார் பெரியவர் என்று அளப்பதன்று. ஒரு கட்டுரையில் உள்ள பிழையைப் பின்னால் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்க, அதை அறியாமல் மூன்றாமவர் பழைய பிழையையே மேற்கோள் காட்டிவிடுகிறார். இதைத் தடுக்க, ஒவ்வொரு கட்டுரையையும் பற்றிப் பின்வந்தவர் சொன்னதையெல்லாம் தேடிப்பிடிக்க ஓர் அட்டவணை வேண்டும் என்பதே அவர் வாதம். அதாவது, பண்டிதர்களுக்குள்ளே பொய் பரவாமலிருக்க ஏற்பட்ட கருவி அது.

கருவி என்னவாயிற்று? ஹார்வர்டைச் சேர்ந்த நரம்பியல் வைத்தியர் ஸ்டீவன் கிரீன்பர்க், 2009-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் ஒரு விசாரணையை வெளியிட்டார். ஒரு தசை நோய்க்கு ஒரு புரதமே காரணம் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிய 242 கட்டுரைகளையும் அவற்றுக்கிடையே ஓடிய 675 மேற்கோள்களையும் வரைந்து பார்த்தபோது, ஆதரவான சில கட்டுரைகளை நோக்கியே மேற்கோள்கள் குவிந்திருக்க, எதிரான முடிவு கண்ட கட்டுரைகள் ஏறக்குறையக் கேட்பாரற்றுக் கிடந்தன. நம்பிக்கை பலப்பட்டது பரிசோதனையால் அல்ல, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால். பாட்னாவின் படித்துறையில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அடிக்குறிப்புகள் மட்டுமே. மேற்கோளை எண்ணுவது என்பது ஊர்ப் பஞ்சாயத்தில் உரக்கப் பேசியவரை எண்ணுவது போன்றது. யார் பேசினார்கள் என்பது தெரியும், யார் சொன்னது மெய் என்பது தெரியாது.

பொய்ச் செய்தி ஆராய்ச்சியைப் பற்றிய படங்களில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. படம் வரைகிறவர் இன்று புழங்கும் சில சொற்களைத் தரவுக் களஞ்சியத்தில் இட்டுத் தேடுகிறார். பிரசாத், நாப், ஆல்போர்ட், சின்ஹா, ஷிபுடானி அனைவரும் வதந்தி என்ற பழைய சொல்லின் கீழ் எழுதியவர்களாதலால் வலையில் விழுவதில்லை. விஞ்ஞானிகள் அண்மைக் கட்டுரைகளையே அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று டெரெக் டி சொல்லா பிரைஸ் 1965-இலேயே காட்டியிருக்கிறார்; ஆகவே பழையவர்கள் தேடலில் அகப்பட்டாலும் சிறு புள்ளியாகவே அகப்படுவார்கள். போதாததற்குக் களஞ்சியங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகளால் நிரம்பியவை.

இதனால் விளைவது என்னவென்றால், கண்டுபிடித்ததையே மறுபடியும் கண்டுபிடிப்பது. 2018-இல் எம்ஐடி-யைச் சேர்ந்த வொசூகி, ராய், அரல் ஆகிய மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறக்குறைய 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்தார்கள். 1,500 பேரை எட்ட மெய்ச் செய்திக்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் பிடித்தது; பொய்யைப் பிறருக்கு அனுப்பும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம்; இயந்திரக் கணக்குகளை விலக்கிப் பார்த்தும் முடிவு மாறவில்லை; பொய்யின் புதுமையே மனிதர்களை ஈர்க்கிறது என்று கருதினார்கள். ஆராய்ச்சியின் விஸ்தீரணம் மலைக்க வைக்கிறது. அவ்வளவு மனிதர்களின் பேச்சைப் பிரசாத் கனவிலும் அளந்திருக்க முடியாது. ஆனால் பழக்கத்தில் இல்லாத அபூர்வத்தையும் உணர்ச்சிக் கலக்கத்தையும் அவர் தம் நிபந்தனைகளின் முதல் வரிசையில் வைத்து அப்போது எண்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், ஆராய்ச்சி மறுபடியும் பீகாருக்கே வந்திருக்கிறது. 2019 பொதுத் தேர்தலின்போது சுமித்ரா பத்ரிநாதன், கயையில் 1,224 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வரும் பொய்யைக் கண்டுகொள்ளும் முறைகளைக் கற்பித்தும், மொத்தத்தில் அதனால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. ஆளுங்கட்சி ஆதரவாளர்களிடையே, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை இனங்காணும் திறன் குறையவும் செய்தது. அமெரிக்க அரசியல் விஞ்ஞானப் பத்திரிகையில் 2021-இல் வெளியான இந்த முடிவு, வெற்றிச் செய்திகளையே எதிர்பார்த்திருந்த பலரைத் திடுக்கிட வைத்தது. பின்னர் அவரும் தோழர்களும் அதே மாகாணத்தில் 13,000-க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து வகுப்பு நடத்தியபோது பயன் தெரிந்தது. மாதங்கள் கழிந்தும் நின்றது. ஒரு மணி நேர உபதேசத்துக்கும் பல வாரப் பாடத்துக்கும் உள்ள தூரத்தை எந்த வர்ணப்படமும் காட்டாது. இரு வட்டங்களும் ஒரே வர்ணத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

படங்களை வரைய வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வெளிவரும் துறையில், எங்கே கூட்டம் கூடுகிறது, எந்தப் பக்கம் ஆளில்லாமல் கிடக்கிறது என்று பார்க்க அவை உதவும். ஆனால் அவற்றைக் கொண்டு இத்துறையின் சரித்திரத்தை எழுத முற்படுவோர், பழைய பத்திரிகைத் தொகுதிகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். பிரசாத் தாமே 1950-இல் மீண்டும் அதே பத்திரிகையில், பழங்காலத்துப் பூகம்பங்களின்போது எழுந்த வதந்திகளைத் தாம் பாட்னாவில் திரட்டியவற்றோடு ஒப்பிட்டு இரண்டாவது கட்டுரை ஒன்றை எழுதியிருக்கிறார்; ஆரம்பிக்க விரும்புவோர் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த அத்தியாயத்தில், 1969-இல் பிரான்சு தேசத்து ஆர்லியான் நகரில் யூத வியாபாரிகளின் துணிக்கடைகளைப் பற்றிக் கிளம்பிய வதந்தியையும், அதை ஆராய எட்கர் மொரேன் தம் குழுவோடு அங்கே சென்றதையும் பார்ப்போம்.